ஒரு காலடி அதிகம்

அந்த ஒலிப்பதிவில் ஒரு காலடி அதிகமாக இருந்தது.

காதுக்காரருக்குத் தெரியாமல் அதற்குள் ஓர் எறும்புகூடப் புகுந்திருக்க முடியாது. தெருவே அவரைக் காதுக்காரர் என்றுதான் அழைத்தது; பெற்றவர்கள் வைத்த பெயர் வாசல் பலகையில் வெயிலுக்கு வெளுத்துப்போய்க் கிடந்தது. மூன்று வீடு தள்ளிப் பால் பொங்கப்போவதை இங்கிருந்தே கேட்டு இவர் குரல் கொடுப்பார், அந்த வீட்டுக்காரி ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள், அதற்கப்புறம்தான் பாலுக்கே விஷயம் தெரியும். அப்பேர்ப்பட்ட காது. அதை வைத்துத்தான் பிழைப்பு. காரும் வீடும் வாங்குகிற காசைத் தலையில் மாட்டிக்கொண்டு அலைகிறவர்களுக்காக, உயர்ந்த ரக ஹெட்போன்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பத்திரிகையில் எழுதுவார். இவர் "தேவலை" என்று ஒரு வார்த்தை எழுதினால் கடையில் சரக்கு தீர்ந்துவிடும். "பரவாயில்லை" என்று எழுதினால் கம்பெனிக்காரன் ஒரு வாரம் சாப்பிட மாட்டான்.

ஒப்பிடுவதற்குப் பாட்டெல்லாம் அவருக்கு ஆகாது. பாட்டு ஆளை மயக்கும், மயங்கியவன் சாட்சி சொல்லக் கூடாது என்பார். அவரிடம் ஒரே ஒரு பதிவு இருந்தது. சில வருஷம் முன்னால் அவரே எடுத்தது. பட்டாணி அளவு மைக் இரண்டை இரண்டு காதிலும் செருகிக்கொண்டு, இதே அறையில் இதே நாற்காலியில், கண்ணை மூடி, அறைந்த ஆணி மாதிரி உட்கார்ந்திருந்தார். தலை ஒரு நூல் அசைந்தாலும் பதிவு கெட்டுவிடும். மூச்சைக்கூடக் கடன் வாங்கியவர்போல் சிக்கனமாக விட்டார். மனைவி சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே அவரைச் சுற்றி நடந்தாள். முன்னாலிருந்து இடது காதுப் பக்கம், அங்கிருந்து முதுகுக்குப் பின்னால், பிறகு வலது காது, மறுபடி முன்னால். எதிரே முக்காலியில் உட்கார்ந்து, "முடிஞ்சுது. கண்ணைத் திறங்க" என்றாள். அதோடு பதிவு முடிந்தது.

காதில் மாட்டிக்கொண்டு கேட்டால் அவள் நிஜமாகவே நம்மைச் சுற்றி நடப்பதுபோல் இருக்கும். எந்த ஹெட்போனில் அவள் எவ்வளவு பக்கத்தில் வருகிறாள், சேலை உரசுவது கேட்கிறதா, சாவி எந்த விரலில் தொங்குகிறது என்றுகூடச் சொல்ல முடிகிறதா என்பதுதான் அவருடைய தராசு.

இந்தத் தடவை தராசில் மூன்று. ஒன்று, பஞ்செல்லாம் உதிர்ந்த அவருடைய பழைய ஹெட்போன். இரண்டாவது, காதை மூடும் மரக்கிண்ணத்தின் முதுகில் வலை போட்டது. வெளிச்சத்தமும் கொஞ்சம் உள்ளே வரும். மூன்றாவது, மூடின வகை. மாட்டினால் பக்கத்தில் வெடி வெடித்தாலும் கேட்காது. புதியவை இரண்டையும் கடை வைத்திருக்கும் மச்சினன் கொண்டுவந்து கொடுத்திருந்தான். வரும்போதே, "அத்தான், ரெண்டையும் சேர்த்து வித்தா நான் ரிட்டையர் ஆயிடலாம். பார்த்து எழுதுங்க" என்று காலைப் பிடிக்காத குறையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அதிகப்படிக் காலடி இரண்டாவதில்தான் முதலில் கேட்டது. நல்ல பகல். திரைச்சீலை விளிம்பில் வெயில் மஞ்சள் கோடாக நின்றது. அறையில் புது மரத்தின் வாசமும் சூடேறிய ஆம்பிளிஃபயரின் தூசி வாசமும் கலந்து கிடந்தன. மனைவியின் சாவி இடது காதைத் தாண்டி முதுகுக்குப் பின்னால் போனபோது, அவளுடைய லேசான நடைக்கு அடியில், சொல்லிவைத்தாற்போல் அவள் கால் விழும் இடத்திலேயே கால் வைத்து, இன்னொரு நடை வந்தது. டக். சரக். டக். சரக். ஒரு கால் அழுத்தமாக விழுந்தது. ஒரு கால் இழுபட்டது.

காதுக்காரர் ஹெட்போனைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டினார்.

டக். சரக்.

பழையதை எடுத்து மாட்டிப் பார்த்தார். இத்தனை வருஷம் கேட்காத அந்த நடை அதிலும் இருந்தது. மங்கலாக, கம்பளிக்கு அடியில் இருப்பதுபோல்.

ஹெட்போனை மேஜையில் வைத்தார். கணக்கு எளிது. காது, மனைவி, இரண்டில் ஒன்று பொய். காது பொய்யென்றால் பேரும் பிழைப்பும் போச்சு. காது பொய் இல்லையென்றால், அன்றைக்கு அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த நேரத்தில் அவள் யாரையோ பின்னால் கூட்டிக்கொண்டு அவரைச் சுற்றி வந்திருக்கிறாள். இத்தனை வருஷமாக அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

காதைச் சந்தேகிக்க அவருக்கு மனசு வரவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனார்.

மனைவி திரும்பினாள். கையிலிருந்த தட்டு நழுவித் தொட்டியில் விழுந்தது.

"எத்தனை தடவை சொல்றது? இப்படிப் பூனை மாதிரி வந்து முதுகுக்குப் பின்னாடி நிக்காதீங்க. இருமிட்டாவது வாங்க."

"அந்த ரிக்கார்டிங் பண்ணின அன்னைக்கு உன்கூட வேற யாராவது உள்ள வந்தாங்களா?"

"ஆமா. பேண்டு வாத்தியத்தோட நாலு பேர் வந்தாங்க. உங்களுக்குக் கேக்கலையா?"

"விளையாடாத."

"காலையில கேள்வி கேட்டு, மத்தியானம் பதில் சொல்லி, சாயங்காலம் சண்டை போடறதுக்கு எனக்கு நேரமில்லைங்க. யார் வருவாங்க? நான், நீங்க, அந்தச் சாவி." தட்டைத் திருப்பி விரிசல் இருக்கிறதா என்று பார்த்தாள். "என்ன குரல் இவ்வளவு கம்மியா இருக்கு? சளி பிடிச்சிருக்கா?"

பேச்சை மாற்றுகிறாள் என்று குறித்துக்கொண்டார். தட்டைப் பார்க்கிறாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. அதையும் குறித்துக்கொண்டார். சந்தேகம் வந்தவனுக்குத் தட்டுகூடச் சாட்சிதானே.

அடுத்தது மச்சினன். ஹெட்போனுக்குள் ஏதாவது சில்மிஷம் பண்ணியிருப்பானோ? அக்காளும் தம்பியும் சேர்ந்து நாடகம் போடுகிறார்களோ? போன் போட்டார்.

"சொல்லுங்க அத்தான்."

"இந்த மரக்கிண்ணத்த யாராவது பிரிச்சாங்களா?"

"ஹலோ? அத்தான்?"

"பிரிச்சாங்களான்னு கேட்டேன்."

"ஹலோ... நீங்க பேசறதே கேக்கல. நடக்கற சத்தம்தான் கேக்குது. ஒரு இடத்துல உட்கார்ந்து பேசுங்க அத்தான்."

காதுக்காரர் உட்கார்ந்துதான் இருந்தார்.

போனை வைத்துவிட்டுத் தன் கால்களைப் பார்த்தார். அசையாமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வீட்டுச் செருப்பில் இடது மட்டும் குதிகால் ஓரம் காகிதமாகத் தேய்ந்திருந்தது. மாசத்துக்கு ஒரு ஜோடி அவருக்கு அப்படித்தான் போகும். ஏன் என்று அவர் யோசித்ததே இல்லை. ஊர்க் காலடியெல்லாம் கேட்கிறவனுக்குத் தன் காலடியைக் கேட்க நேரமேது?

மச்சினன் பயல் நழுவுகிறான் என்று முடிவுகட்டினார்.

மூன்றாவதைத் தள்ளிப்போட வழியில்லை. கட்டுரையை மறுநாள் அனுப்பியாக வேண்டும். சாயங்கால வெளிச்சம் சுவரில் சாம்பலாக இறங்கிக்கொண்டிருந்தபோது, மூடின ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்துத் தலையில் இறக்கினார். தோல் மெத்தை காதைச் சுற்றிக் குளிர்ச்சியாக ஒட்டிக்கொள்ள, தெருவில் போன சைக்கிளும் குழாய்ச் சொட்டும் கடிகாரமும் ஒவ்வொன்றாக அணைந்து, கிணற்றுக்கு மூடி போட்டதுபோல் உலகம் நின்றது. மறுகணமே அந்த மௌனத்துக்குள் அவருடைய அறை திறந்தது. என்ன ஹெட்போன் அது! சேலையின் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக உரசியது. சாவி ஒவ்வொன்றும் பித்தளையா இரும்பா என்று சொல்லிவிடலாம். அந்தப் பயத்திலும் அவருக்குள் இருந்த விமரிசகன் "பேஷ்" என்றான்.

அவள் நடந்தாள். அது பின்னால் நடந்தது.

இடது காது. முதுகு. வலது காது. அவள் முன்னால் வந்தாள், முக்காலி கிரீச்சிட்டது, உட்கார்ந்தாள்.

அது உட்காரவில்லை.

டக். சரக். வலது காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தோள் உயரத்தில் துணி உரசியது. யாரோ குனிகிறார்கள்.

"முடிஞ்சுது. கண்ணைத் திறங்க."

பதிவு முடிந்தது. வந்தது வந்தபடி இருந்தது. போன சத்தம் இல்லை.

காதுக்காரர் ஹெட்போனைப் பிய்த்து எடுத்தார். வலப்பக்கம் சுவர். சுவரில் அவர் நிழல். அதுவும் அசையவில்லை.

உள்ளறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "உட்காருங்களேன் கொஞ்சம். மத்தியானத்துலேர்ந்து கூடத்துல அங்கயும் இங்கயும் நடந்துக்கிட்டே இருக்கீங்க. கேக்கவே கால் வலிக்குது."

ஆக, வீட்டுக்குள் ஆள் இருக்கிறான்.

அவருக்கு ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. காது பொய் சொல்லவில்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அலமாரிக்குப் பின்னால், குளியலறையில், மாடிப்படி வளைவில், திரைச்சீலை ஒவ்வொன்றையும் விலக்கிப் பார்த்தார். தொலைந்துபோன காலுறை ஒன்று கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. தேடும்போது ஏதோ ஒன்று குறைகிறது என்று மட்டும் தோன்றிக்கொண்டே இருந்தது. அலமாரிக் கதவு கிரீச்சிட்டது, திரையின் வளையம் கிலுங்கியது, ஆனாலும் ஏதோ ஒன்று இல்லை. எது என்று பிடிபடவில்லை.

கடைசியில் ஒரே வழிதான் தோன்றியது. அவளையே கேட்க வைப்பது. கேட்கும்போது அவள் முகத்தைப் பார்ப்பது. கள்ளம் இருந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

அவளிடம் சொன்னார். அவள் காதில் கை குவித்தாள்.

"என்ன முணுமுணுக்கறீங்க? நானா? கேக்கணுமா? என் காதுக்கு அது எல்லாம் ஒண்ணுதாங்க, மூணு ரூபாய் மிளகாயும் முப்பது ரூபாய் மிளகாயும் மாதிரி." ஆனாலும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "கண்ணை மூடிக்கணுமா? உங்கள மாதிரியே? சரி, மூடியாச்சு."

மூடின ஹெட்போனை அவள் தலையில் இறக்கினார். பதிவை ஓடவிட்டார். அறை வாசற்படியில் போய், நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி நின்றுகொண்டார். இந்தத் தடவை எவனும் உள்ளே நுழைய முடியாது.

அவள் சிரித்தாள். காதை அடைத்துக்கொண்டவர்கள் பேசுவதுபோல் உரக்கப் பேசினாள். "அட, நான்தான் நடக்கறேன். நல்லாத்தான் இருக்கு. சாவி... ம்..."

புருவம் நெரிந்தது.

"பின்னாடி ஒரு ஆள்."

முகத்தைப் பார்த்தார். கள்ளம் இல்லை. ஒரு துளி இல்லை. நெரிந்த புருவம் மெல்ல விரிந்து, முகம் முழுக்கக் குறும்பு பரவியது.

"இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? இது நீங்கதாங்க. இடது கால இழுத்து இழுத்து. கல்யாணமான நாளா இந்தச் சத்தத்த வெச்சுத்தான் கதவத் திறக்கறேன், எனக்குத் தெரியாதா? நாலு நாளா சத்தமே இல்லாம வந்து நின்னு பயமுறுத்தினீங்களே, இப்ப கேக்க எவ்வளவு நிம்மதியா இருக்கு."

இல்லை. நான் நாற்காலியில் இருந்தேன். கண்ணை மூடி. நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

சொன்னார். வாய் அசைந்தது. தொண்டை நரம்பு புடைத்தது. தன் காதில் எதுவும் விழவில்லை.

மேஜைமேல் பார்த்தார். ஆம்பிளிஃபயரின் பச்சை விளக்கு அணைந்திருந்தது. பதிவு முடிந்துவிட்டது.

அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா. இங்கதான் நிக்கறீங்க." வலது கையை நீட்டினாள். அவர் வாசற்படியில் இருந்தார். அவள் கை வலப்பக்கம் காற்றில் எழுந்து, ஓரிடத்தில் நின்றது. விரல்கள் மடங்கின. ஒரு மணிக்கட்டைப் பிடித்திருப்பதுபோல் வளைந்து, தளராமல், எடை தாங்கி.

அவர் ஓடினார். நாலு எட்டு தூரம். வலது கால். இடது கால். தரையில் செருப்பு விழுந்தது, இழுபட்டது.

சத்தம் வரவில்லை.

மேஜையில் அறைந்தார். வரவில்லை. அவளுக்கு எதிரே முக்காலியை எட்டி உதைத்தார். அது உருண்டு போனது. பஞ்சுபோல் போனது.

"முடிஞ்சுதா?" என்றாள் மனைவி, அவரிடம் அல்ல, வலப்பக்கம் முகத்தை உயர்த்தி. "கண்ணைத் திறக்கலாமா?"

யாரோ பதில் சொன்னதுபோல் தலையாட்டினாள். ஹெட்போனை ஒரு கையால் கழற்றி மடியில் வைத்தாள். மற்ற கையை எடுக்கவில்லை.

கண்ணைத் திறந்தாள். எதிரே நின்றவரைத் தாண்டி, உருண்டு கிடந்த முக்காலியை ஒரு கணம் பார்த்தாள். பிறகு வலப்பக்கம் அண்ணாந்து பார்த்து, இத்தனை வருஷமாக அவருக்கு மட்டுமே சிரித்த சிரிப்பைச் சிரித்தாள். பிடித்த பிடியை விடாமலே எழுந்தாள்.

"வாங்க, சாப்பிடலாம்."

வாசற்படியைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, சமையலறை வரைக்கும் ஒவ்வோர் அடியும் அவருக்குத் துல்லியமாகக் கேட்டது.

அவளுடைய லேசான நடை. அதற்குப் பக்கத்தில்,

டக்.

சரக்.