முப்பத்தொன்பது நிமிடம்

"நாளைக்குள்ள எஸ்டேட் லைன் ஊட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நான் தூங்கலைங்க!" என்று வாசலில் நின்றாள் அத்தாயி.

அது 1997. ஏற்காடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற வெங்கடாசலத்திடம் இப்படிப்பட்ட வழக்குகள்தான் வரும். உதவிக்கு ஜீப் டிரைவர் அங்கப்பன்.

அத்தாயி, எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை உலர்த்தும் டிரையருக்கு விறகு போடுபவள். சூடு அறுபது டிகிரியைத் தாண்டினால் கம்ப்யூட்டர் மணி அடிக்கும். உடனே விறகை வெளியே இழுக்க வேண்டும். சனிக்கிழமை மணி கேட்டு ஓடினாள். கொட்டை ஏற்கெனவே கருகியிருந்தது. அவள் தூங்கிவிட்டதாக ரிப்போர்ட் போனது.

"கருகல் வாசம் வரலையாம்மா?" என்று கேட்டார் வெங்கடாசலம்.

"வந்துச்சுங்க. போன வாரம் மணிக்கு முன்னாடியே இழுத்தேன். 'கம்ப்யூட்டரை விட உன் மூக்கு பெருசா'ன்னு மானேஜர் வஞ்சாருங்க. அதான் காத்திருந்தேன்."

அவர்கள் போனபோது எஸ்டேட் ஆபீசில் மானேஜரும், கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதிய சேலத்து இளைஞனும் இருந்தார்கள். இளைஞன் குளிரிலும் கறுப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றியிருந்தான். "மெஷின் தூங்காது. மனுஷங்கதான் தூங்குவாங்க" என்றான். மானேஜர் வேதவாக்கைக் கேட்டதுபோலத் தலையாட்டினார். அவருக்குத் தலையாட்டுவது ஒன்றுதான் ஒழுங்காக வந்தது.

"எவனோ ஒயரைக் கழட்டி மாட்டியிருக்கானுங்க!" என்று துள்ளினான் அங்கப்பன்.

வெங்கடாசலம் மேஜையில் இருந்த சனிக்கிழமைச் சூட்டுப் பதிவுத் தாளை எடுத்து நீட்டினார். "நிமிஷத்துக்கு ஒரு வரி. மூணு அஞ்சுக்கு ஐம்பத்திரண்டு டிகிரி. அடுத்த வரி மூணு நாற்பத்து நாலு, நூற்று எழுபது. நடுவில் வரியே இல்லை. அப்போது கம்ப்யூட்டரில் என்ன வேலை நடந்தது?"

"மூட்டைப் பட்டியல் பிரிண்ட் எடுத்தோம்" என்றார் மானேஜர்.

"இப்போதும் எடுங்கள்."

பிரிண்டர் கரகரத்தது. டிரையரிலிருந்து கழற்றிய, சூடு பார்க்கும் கம்பியை வெங்கடாசலம் டீக்கு வைத்த கொதிக்கும் தண்ணீரில் விட்டார். மணி அடிக்கவில்லை. கடைசித் தாள் வெளியே வந்த பிறகுதான் அலறியது.

"எக்ஸ்சேஞ்சில் ஒரே ஆள் இருந்தால், அவர் ஒரு லைனில் பேசும்வரை மற்ற லைன்கள் காத்திருக்கும். இங்கும் அதே கதை. பிரிண்ட் ஓடும்போது சூட்டை யாரும் பார்க்கவில்லை."

இளைஞன் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினான். "சின்ன விஷயம் சார். பிரிண்டைத் தனித் திரெட்ல, அதாவது தனி வேலையா, விட்டா பின்னாடி அதுபாட்டுக்கு ஓடும்."

"அந்தச் சின்ன விஷயம் தெரியாமல்தான் இவள் தூங்கினாள் என்று எழுதிக் கொடுத்தீர்கள்."

அத்தாயி கம்ப்யூட்டரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏனுங்க, நான் விறகும் போட்டு, தூளியும் ஆட்டி, சூடும் பாப்பனுங்க. இத்தனை பெரிய பொட்டிக்கு ஒரு வேலைதான் வருமுங்களா?"

"சரி சரி, வேலைக்குப் போ" என்றார் மானேஜர்.

அவள் அசையவில்லை. "லைன்ல எல்லாருக்கும் முன்னாடிதானுங்களே காலி பண்ணச் சொன்னீங்க? நான் தூங்கலைன்னு அங்க வந்து சொல்லுங்க, போறேன்."

மானேஜர் இளைஞனைப் பார்த்தார். அவன் பிரிண்டரைப் பார்த்தான். கடைசியில் மானேஜர் குடையை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் லைன் வீடுகளை நோக்கி மேடேறினார்.