கணக்கைத் திறந்த மூன்று பேர்

மனைவி இறந்த மூன்றாவது வாரம் வேலைக்குத் திரும்பினேன். லிஃப்ட் வழக்கம்போல் இரண்டாவது மாடியில் நின்றது. யாரும் ஏறவில்லை. கதவை மூடிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு வந்தது. ஏசியின் குளிர், தரைவிரிப்பின் பழைய ஈர வாசனை, நாற்பது பேர் தாழ்ந்த குரலில் ஒரே நேரத்தில் "உங்க சிரமம் புரியுது" என்று சொல்லும் முணுமுணுப்பு. எதுவும் மாறவில்லை. என் இருக்கை எண் பதினான்கு. யாரோ அதன் உயரத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

எங்கள் வேலை இதுதான். தன் இணையக் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று சந்தேகப்படுகிறவர் எங்களை அழைப்பார். அழைப்பவர்தான் உரிமையாளரா என்று விசாரிப்போம். உள்ளே புகுந்தவரை வெளியேற்றிவிட்டுக் கணக்கைத் திருப்பிக் கொடுப்போம். மின்னஞ்சல், படங்கள், போய்வந்த இடங்கள் என்று ஒருவருடைய வாழ்க்கை முழுவதும் அந்த ஒரே கணக்கில் இருக்கும்.

எங்கள் மேற்பார்வையாளர், எல்லோரும் லீடர் என்று கூப்பிடுகிறவர், கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வந்தார்.

"வந்துட்டியா தம்பி. பாப்பா எப்படி இருக்கா?"

"இருக்கா அண்ணே."

"சரி, ஹெட்செட்டை மாட்டு. நூத்திப் பத்து பேர் லைன்ல நிக்கிறாங்க. நம்ம துக்கத்தைச் சொன்னா அவங்க கட் பண்ணிட்டுப் போயிடுவாங்க."

அவர் அப்படித்தான் பேசுவார். அன்று அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

பாப்பாவுக்கு நான்கு வயது. நான் வேலையில் இருக்கும் நேரம் காப்பகத்தில் விடுவேன். அவளுக்கு இப்போது நான் ஒருவன்தான். இனி வருவதைப் படிக்கும்போது இதை மட்டும் மறக்க வேண்டாம்.

மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு அந்த அழைப்பு வந்தது.

"சார், என் வீட்டுக்காரி இறந்துட்டா. இருபது நாள் ஆச்சு." ஆணின் குரல். உடைந்திருந்தது. "அவ கணக்குல எவனோ பூந்துட்டான் சார். பாஸ்வேர்டை மாத்திட்டான். தினம் உள்ள போறான், வர்றான். செத்தவளைக்கூட விட மாட்டேங்கிறாங்க."

பிறந்த தேதி, பழைய பாஸ்வேர்டு, முதல் ஃபோன் எண். கேட்டதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னான்.

"அவ குரல் அதுல இருக்கு சார். அதைக் கேட்டா போதும். வேற எதுவும் வேண்டாம்."

என் மனைவியின் குரல் என் ஃபோனில் பதினொரு வினாடி இருக்கிறது. வரும்போது கடிகாரத்துக்கு பேட்டரி வாங்கி வரச் சொல்கிறாள். மறுநாள் ஒரு லாரி அவளை இடித்தது. அந்தப் பதினொரு வினாடியைத் தினமும் கேட்கிறேன். அதனால் அவனை நம்பினேன்.

இறந்தவர் கணக்கைக் கொடுக்க இறப்புச் சான்று வேண்டும். ஒரு நாள் காத்திருக்கவும் வேண்டும். இரண்டும் வேண்டாம் என்று சொல்ல லீடரால் மட்டுமே முடியும். இருக்கையில் இருந்தபடியே அவரை அழைத்தேன்.

"அண்ணே, சான்று இன்னும் வரலைன்னு சொல்றார்."

"உன் சம்சாரத்தோட சான்று உனக்கு வந்துடுச்சா?"

"இல்லை."

"அப்புறம் என்ன, குடுத்துடு." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அனுமதியைத் தட்டிவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

உள்ளே இருந்த ஃபோனை வெளியேற்றினேன். புதிய பாஸ்வேர்டை அவனுக்கு அனுப்பினேன்.

"நல்லா இருப்பீங்க சார்."

அழுகை அதற்குள் நின்றிருந்தது.

நான்கு நாள் கழித்து லீடர் என்னைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். ஃபோனில் ஒரு செய்தியைக் காட்டினார்.

அன்று அவன் அழைத்தபோது அவன் மனைவி இறந்திருக்கவில்லை. அவனுடைய அடி தாங்காமல் ஓடிப்போய், வேறு ஊரில், ஒரு சலவைக் கடையின் மாடியில் தனி அறை எடுத்து இருந்தாள். வாடகை ஒப்பந்தம் அவள் மின்னஞ்சலில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவன் பேருந்து ஏறினான். வழியில் ஒரு சுத்தியல் வாங்கினான். விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. பட்டப்பகலில் கதவைத் தட்டினான். கீழே துணி தேய்த்துக்கொண்டிருந்தவர் சத்தத்தை எண்ணியிருக்கிறார். பத்தொன்பது அடி. உதவிக்கு அழைக்க ஃபோனைப் பிடித்திருந்தாள், விடவில்லை. அதனால் முதலில் விரல்கள். பிறகு முகம். பல் துண்டுகளை ஜன்னல் திரையிலிருந்து எடுத்தார்களாம். அவனைப் போலீஸ் அங்கேயே பிடித்துவிட்டது.

"நம்ம குடுத்த கணக்குதான்," என்றார் லீடர். "அழைப்புப் பதிவு முப்பது நாள்தான் இருக்கும். அப்புறம் தானா அழிஞ்சுடும். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே."

"ஒரு பொண்ணு செத்திருக்கா அண்ணே."

"உன் வீட்டுலயும் ஒரு பொண்ணு இருக்கா. அவளுக்கு யார் சோறு போடறது?"

நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு புகார் வந்தது. அவள் கணக்கிலிருந்து. போலீஸ் முடக்கி வைத்திருந்த கணக்கு அது. அதிலிருந்து எதையும் அனுப்ப முடியாது.

'என் கணக்கை யாரோ திறந்துவிட்டார்கள்.'

அதன் கீழே, அனுமதி உள்ள சாதனங்களின் பட்டியல். எல்லாப் புகாரிலும் இருப்பதுதான். ஆனால் எங்கள் கணினிகள் அதில் ஒருபோதும் வராது. இதில் வந்திருந்தன.

கணவனின் ஃபோன்.
மேற்பார்வையாளர் அறை.
இருக்கை 14.

லீடரிடம் காட்டினேன்.

"எவனோ நம்மளை ஆழம் பாக்கறான். போலீஸாக்கூட இருக்கும். தள்ளு, நான் அனுப்பறேன்."

எங்களிடம் தயாராக எழுதி வைத்த பதில்கள் உண்டு. அதில் ஒன்றை அனுப்பினார். 'உங்கள் கணக்கைச் சோதித்தோம். அத்துமீறல் எதுவும் நடக்கவில்லை. உரிமையாளரே அதைத் திறந்திருக்கிறார்.' புகாரை மூடினார்.

ஒரு நிமிடத்தில் அது மீண்டும் திறந்துகொண்டது.

அன்று மாலை அந்தக் கணவன் லாக்கப்பில் செத்தான். தனி அறை. பூட்டு திறக்கவில்லை. உள்ளே இரும்பு எதுவும் கிடையாது. யாரோ சுவரில் ஆணி அடிப்பது போலக் கேட்டதாகக் காவலர் சொன்னார். போய்ப் பார்த்தபோது அவன் விரல்கள் தரையோடு நசுங்கியிருந்தன. கழுத்துக்கு மேலே முகம் என்று சொல்ல எதுவும் இல்லை.

மறுநாள் பன்னிரண்டே முக்காலுக்குப் புகார் வந்தபோது பட்டியலில் இரண்டு வரிதான் இருந்தது.

லீடர் சிரிக்கவில்லை. ஆனாலும் அதே பதிலைத்தான் அனுப்பினார்.

"வேணாம் அண்ணே. அந்தப் பதிலை மட்டும் வேணாம்."

"வேற என்னத்தை எழுதச் சொல்றே? ஆமாம்மா, நாங்கதான் உன்னை அவன் கையில குடுத்தோம்னா? போ, போய் உக்காரு."

என் இருக்கைக்கு வந்தேன். முதலில் வந்தது வாசனை. சூடான இஸ்திரிப் பெட்டியில் ஈரத் துணி பட்டால் வரும் ஆவி. அதோடு சோப்பு. அதற்கு அடியில் இரும்பு போல ஏதோ ஒன்று.

பிறகு சத்தம்.

ஒன்று.

நாற்பது பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

கண்ணாடி அறையில் லீடர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது விசைப்பலகையின் மேல் தட்டையாகக் கிடந்தது. கத்த வாயைத் திறந்தார். அடுத்த அடி வாயிலேயே விழுந்தது. அவரைச் சுற்றி யாரும் இல்லை. அதை நான் பார்த்தேன். காற்று மட்டும்தான் இருந்தது. அந்தக் காற்று ஓங்கி ஓங்கி இறங்கியது. தாடை ஒரு பக்கமாகப் போயிற்று. நெற்றி உள்ளே இறங்கியது. ஒரு கண் மேசையில் உருண்டு காகிதங்களுக்கு நடுவே நின்றது. கண்ணாடியில் உள்பக்கமாகச் சிவப்பு தெறித்தது, மெதுவாக வழிந்தது, அதன் மேல் மறுபடியும் தெறித்தது.

நானும் எண்ணினேன்.

பத்தொன்பது.

எல்லோரும் படிக்கட்டுக்கு ஓடினார்கள். நாற்காலிகள் கவிழ்ந்தன. தரையில் கிடந்த ஹெட்செட்களிலிருந்து வாடிக்கையாளர்கள் "ஹலோ, ஹலோ" என்றார்கள்.

என் திரையில் புகார் மறுபடி திறந்தது. பட்டியலில் ஒரே வரி.

இருக்கை 14.

நானும் ஓடியிருக்கலாம். மூன்று மணிக்குக் காப்பகத்துக்குப் போக வேண்டும். நான் எங்கே போனாலும் அது கூடவே வரும். பாப்பாவின் கையைப் பிடித்திருக்கும்போது வரும். அதனால் உட்கார்ந்தேன். பதில் பெட்டியைத் திறந்தேன்.

'எங்கள் கணினி அமைப்பில் ஒரு பிழை'

சுண்டுவிரல். சத்தம்தான் முதலில் கேட்டது. வலி பிறகு வந்தது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு நின்றது.

அழித்துவிட்டு எழுதினேன். 'எங்கள் மேற்பார்வையாளர் அனுமதி கொடுத்ததால்'

மோதிரவிரல். மோதிரம் சதைக்குள் புதைந்தது.

'உங்கள் கணவர் எங்களை ஏமாற்றி'

நடுவிரல். அலறினேன். என் குரல் காலியான கூடத்தில் சுற்றி எனக்கே திரும்பி வந்தது. ஆவி கழுத்தில் பட்டது. மிக அருகில் யாரோ மூச்சு விட்டார்கள். உடைந்த பல்லுக்கு நடுவே போகும் மூச்சு. அதில் சீழ்க்கை போல ஒரு சத்தம் இருந்தது.

இடது கையால் எழுதினேன். 'நான்தான் கொடுத்தேன். சான்று கேட்கவில்லை. ஒரு நாள் காத்திருக்கவில்லை. அது உங்கள் கணக்கு. நான்தான் அதைத் திறந்தேன். என்னை நம்பி ஒரு குழந்தை இருக்கிறது.'

அனுப்பினேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

எதுவும் விழவில்லை.

பட்டியல் காலியாக இருந்தது.

மருத்துவமனையில் மூன்று விரல்களையும் எடுத்தார்கள். "எந்த மெஷின்ல கைய விட்டீங்க?" என்று மருத்துவர் கேட்டார். கீபோர்டில் என்றேன். மயக்க மருந்து வேலை செய்கிறது என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போனார். போலீஸ் இரண்டு முறை வந்தது. கண்ணாடி அறைக்குள் யாரும் போகவில்லை என்று முப்பத்தெட்டுப் பேர் சொன்னதால் என்னை விட்டுவிட்டார்கள். வேலையை விட்டேன். வீட்டில் இருக்கிறேன். பாப்பா என் கட்டைப் பார்த்து, "அப்பாவுக்குக் கொழுக் மொழுக் கை," என்று காப்பகத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

இன்று ஞாயிறு. பாப்பா படுக்கையறையில் விளையாடிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டே முக்காலுக்கு அந்த அறையின் தாழ்ப்பாள் உள்பக்கமாக விழுந்தது. அவளுக்கு அது எட்டாது.

தட்டினேன். இடித்தேன். தோளால் மோதினேன். நான் ஒருமுறை மோதினால் உள்ளேயிருந்து ஒருமுறை பதில் வந்தது. கதவில் அல்ல. தரையில். மெதுவாக, இரும்பைக் கீழே ஊன்றி வைப்பது போல.

கதவின் அடியிலிருந்து ஆவி வந்தது.

அப்போதுதான் என் ஃபோனில் அந்தப் புகாரைப் பார்த்தேன். மறுபடியும் திறந்திருந்தது. இந்த முறை அந்தப் பெண் எதையும் எழுதவில்லை. எழுத வேண்டியது நான்.

அதனால்தான் அதன் பதில் பெட்டியில் முதலிலிருந்து எல்லாவற்றையும் எழுதினேன். கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, இடது கையால். நான் மறைத்தது ஒன்று இருக்கிறது. லீடரிடம் சொல்லவில்லை, போலீஸிடம் சொல்லவில்லை, அன்று எழுதிய பதிலிலும் சொல்லவில்லை.

ஒரு கணக்கை இன்னொருவருக்குக் கொடுக்கும் முன், அதற்குள் ஏற்கெனவே இருப்பவரின் ஃபோனுக்கு ஒரு கேள்வி தானாகப் போகும். இதைக் கேட்பது நீங்களா? பெரும்பாலும் பதில் வராது. அன்று வந்தது. நாற்பது வினாடிக்குள் வந்தது.

'நான் இல்லை. நான் உயிரோடு இருக்கிறேன். அது என் கணவர். தயவு செய்து கொடுத்துவிடாதீர்கள்.'

படித்தேன். முழுவதும் படித்தேன். ஹேக்கர்கள் இப்படியும் எழுதுவார்கள்தான். ஆனால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவள் சொல்வது உண்மை என்றுதான் தோன்றியது. மேலே விசாரிக்க இன்னும் அரை மணி நேரம் ஆகும். மணி ஒன்றாகப் போகிறது. எனக்குப் பசித்தது. குறிப்பில் 'ஹேக்கரின் பதில்' என்று எழுதினேன். கணக்கைக் கொடுத்தேன். சாப்பிடப் போனேன். மனைவி போன பிறகு அன்றுதான் முதல்முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

இவ்வளவுதான். இதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை.

உள்ளே பாப்பா யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறாள். அழவில்லை. இப்போது கதவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள்.

"அப்பா."

"சொல்லு கண்ணு."

"ஆன்ட்டி கேக்கறாங்க. எழுதி முடிச்சுட்டீங்களா?"

"முடிச்சுட்டேன்னு சொல்லும்மா."

பிறகு அவள் குரல், முன்பைவிட மெதுவாக.

"அப்பா, ஆன்ட்டி இன்னும் படிச்சுக்கிட்டு இருக்காங்க. அதுவரைக்கும் என் கையைப் பிடிச்சுக்கறாங்களாம்."