முதல் சொல்

தூத்துக்குடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலைக்கு வந்ததுமே செல்வமரி முகமன்களை முடித்துவிடுவாள். ஒசாகா கிளைக்கு ஜப்பானியத்தில் ஒன்று, நைரோபி கிளைக்குச் சுவாகிலியில் ஒன்று. பிறகு தமிழிலேயே தட்டலாம்; மிச்சத்தை மொழிபெயர்த்து அனுப்புவதை மொழிப்பாலம் என்ற எந்திரம் பார்த்துக்கொள்ளும்.

முதல் சொல்லை மட்டும் அது மொழிபெயர்க்காது. எந்திரங்களே ஒன்றோடொன்று குலாவிக்கொண்டிருந்தது போதும் என்று நாடுகள் கூடிப் போட்ட சட்டம். எதிராளியின் மொழியில் ஒரு முகமனாவது சொந்த விரலால் தட்டினால்தான் பாலம் திறக்கும்.

இத்தாலியில் இருக்கும் ஒர்னெல்லா அவளுக்குப் பதினோரு வருடத் தோழி. ஒர்னெல்லா கட்டிக்கொள்ளப்போகிற மாப்பிள்ளையின் படத்தைப் பார்த்துவிட்டு, "இவன் உனக்குச் சரிப்பட மாட்டான்" என்று செல்வமரி வாய்க்கொழுப்பில் எழுதியதைப் பாலம் பிசகாமல் கொண்டுசேர்த்தது. அன்றிலிருந்து ஒர்னெல்லாவின் முதல் சொல் "வணக்கம்". தோழிக்கு யாராவது வணக்கம் வைப்பார்களா? இவளும் வீம்புக்கு "சால்வே" என்றாள். அங்கே முன்பின் தெரியாதவர்களுக்குச் சொல்வது அது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒர்னெல்லாவுக்குக் கல்யாணம். அழைப்பு வரவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மேசை இசக்கியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, அரை மணி நேரமா அந்தத் திரையவே முறைச்சிட்டு இருக்கியே, என்ன?"

"மன்னிப்பெல்லாம் எழுதி வச்சிட்டேன்க்கா. ஆரம்பிக்கத்தான் தெரியல. சால்வேன்னே போட்டுரவா?"

"போட்டா, மன்னிப்பயும் ஆபீஸ் கடுதாசின்னுதான் வாசிப்பா."

"உரிமையா ஆரம்பிச்சு, அவ பதிலே போடலன்னா?"

"போடாட்டி போவுது. இப்ப மட்டும் என்ன, கொஞ்சிக்கிட்டா கெடக்கிய?"

செல்வமரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, சிநேகிதிகள் அங்கே எப்படிக் கூப்பிட்டுக்கொள்வார்களோ அப்படியே இத்தாலியத்தில் தட்டினாள்: "ஏய் பெல்லா, கோமே ஸ்தாய்?" ஏய் அழகி, எப்படி இருக்கே. பாலம் திறந்தது. இரண்டு பக்க மன்னிப்பை அழித்துவிட்டு, "நான் பேசினது தப்பு. கல்யாணத்துக்கு வரட்டுமா?" என்று மட்டும் அனுப்பினாள். சோற்றுப் பாத்திரத்தை மூடி ஓரமாக வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதில் வந்தது. முதல் சொல், தமிழில்:

"எருமைமாடே, எங்கடி போயிருந்தே?"

எந்த முகமன் பட்டியலிலும் இது கிடையாது. யாரிடமோ கேட்டுப் படித்து, எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டியிருக்கிறாள். இதை முகமன் என்று ஒத்துக்கொள்ளப் பாலமே கொஞ்சம் யோசித்திருக்கும். கீழே அது கொண்டுவந்த வரி: "வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர். என் பக்கத்தில் நிற்க ஆளில்லை."

"அக்கா, என்னைய எருமைன்னுட்டா!" ஆலை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள் செல்வமரி. கண்ணீர் கரகரவென்று வழிந்தது.