ஒரு ஸ்பூன் கொய்யாப் பொடி

மணி ஒன்பது முப்பத்தைந்து. வடமதுரை ஸ்டேஷனில் போன் அலறியது.

"மேடம்... கொய்யாப் பொடி ஃபேக்டரி ஓனர் அழகுராஜா பேசுறேன். எங்க குவாலிட்டி ஆஃபீசர் ரோஷன் வழுக்கி விழுந்து செத்துட்டான். இப்பத்தான்... அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு."

பத்தாவது நிமிடம் இன்ஸ்பெக்டர் தீபா அங்கே நின்றாள்.

குடோன் தரையில் குப்புறக் கிடந்தான் ரோஷன். முப்பது வயதுகூட இருக்காது. சுற்றிலும் இளஞ்சிவப்புப் பொடி. இனிப்பு வாடைக்கு வந்த ஈக்கள் அவன் காதில் மொய்த்தன.

தீபா கைக்குட்டையால் ஈக்களை விரட்டினாள்.

"மூட்டை பிரிஞ்சு பொடி கொட்டிருச்சு மேடம். வழுக்கி, மெஷின்ல மண்டையை இடிச்சுக்கிட்டான்" என்றான் அழகுராஜா. கண் வாட்சில் இருந்தது. "சீக்கிரம் முடிச்சீங்கன்னா நல்லாருக்கும். லாரி தூத்துக்குடி போகணும். ஜெர்மனிக்குக் கப்பல். பச்சப்புள்ளைக சாப்பிடுற சரக்கு."

பிணத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு லாரிக்கு அவசரப்படுகிறான். சீ... இதெல்லாம் ஒரு ஜென்மம்!

"சரக்குக்கு சர்டிஃபிகேட்?"

"இருக்கே. ஒம்பது மணிக்கு ரோஷனே கையெழுத்துப் போட்டான்."

தீபா குனிந்து ரோஷனின் முகத்தைத் திருப்பினாள். மூக்கு, வாய், தாடி எல்லாம் பொடி. விரலால் சுரண்டினாள். உதிரவில்லை. கருப்பட்டி மாதிரி இறுகிக் கிடந்தது.

தரையில் கிடந்ததைத் தொட்டாள். அது மாவாகப் பறந்தது.

பொடி சலிக்கும் சின்னக்கண்ணு ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"அக்கா, இந்தப் பொடி இறுக எம்புட்டு நேரமாகும்?"

"ஏசி ரூம் தொட்டிக்குள்ள இருக்கவரைக்கும் இறுகாதும்மா. வெளிய வந்தா காத்துல இருக்க ஈரத்தை இழுத்துக்கிட்டு, ரெண்டு மூணு மணி நேரத்துல கல்லாயிரும். அதான் மூட்டையைத் தைக்காம வெளிய கொண்டாரவே மாட்டோம்."

"நீங்க எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"எட்டுக்கே வந்துட்டோம். மொதலாளிதான் ஒம்பதரை வரைக்கும் கேட்டைத் தெறக்கல. ரோஷன் தம்பி மட்டும் ஆறு மணிக்கே வந்துரும். பாவம்... பூசணம் பூத்த பழத்தை அரைச்சதுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னு ரெண்டு நாளா மொதலாளிகிட்ட மல்லுக்கட்டுச்சு."

அழகுராஜாவின் முகம் வெளிறியது.

தீபா அவன் பக்கம் திரும்பினாள்.

"ஒம்பதரைக்குச் செத்தவன் மூஞ்சியில மூணு மணி நேரத்துப் பொடி, தரையில இப்பக் கொட்டுன பொடி. ஒம்பது மணிக்குக் கையெழுத்துப் போட்டது யாரு? பொணமா?"

அழகுராஜா லாரியைப் பார்த்தான்.

"தைக்காத பொடி ஏசி ரூம்லதான் இருக்கும். அங்க தொட்டிக்குள்ள நீ அவன் தலையை அமுக்கியிருக்கே. அந்தத் தொட்டிப் பொடி எங்க?"

"அநியாயமா பேசாதீங்க மேடம். தொட்டி காலியா இருக்கு, போய்ப் பாருங்க. லாரியில இருக்கது அம்புட்டும் சுத்தமான சரக்கு. தங்கம்."

தீபா லாரியில் கடைசியாக ஏற்றிய மூட்டையை இறக்கச் சொன்னாள். தையலைப் பிரித்தாள். ஒரு ஸ்பூன் நிறைய அள்ளி அவன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"தங்கம்தானே? சாப்பிடு."

ஸ்பூன் உதட்டை நெருங்கியது... நெருங்கியது...

அழகுராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். ஓங்கரித்துக் கொட்டினான்.

"வேணாம் மேடம்... அதுக்குள்ளதான் அவன்... அவன் எச்சி, மூக்குச்சளி எல்லாம்... சலிச்சேன் மேடம். ரெண்டு தடவ சலிச்சுத்தான் மூட்டை கட்டுனேன்."

யாரோ பெற்ற குழந்தைகளுக்கு இதை ஊட்ட இருந்தான். அவனுக்கு மட்டும் குமட்டுகிறது!

கான்ஸ்டபிள் விலங்கை மாட்டினார். "லாரியை என்ன செய்யட்டும் மேடம்?"

"ஸ்டேஷனுக்குத் திருப்பச் சொல்லுங்க" என்றாள் தீபா, ஸ்பூனைக் கவரில் போட்டபடி. "ஓனரே டேஸ்ட் பார்க்காம ரிஜெக்ட் பண்ணிட்டார்."