ஐந்து கட்டைப் பாட்டு

எங்கள் வீட்டுக் குட்டி இசைக் கீபோர்டில் தம்பி ஒரு டம்ளர் பாலைக் கொட்டியபோது நான் ஐந்தாம் வகுப்பு. அவன் இரண்டாம் வகுப்பு. அதற்குப் பிறகு பன்னிரண்டு கட்டைக்கு ஐந்துதான் சத்தம் போட்டது.

வீட்டில் யாரும் திட்டவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. ஒரு வாரமாக அந்த அறைப் பக்கமே வரவில்லை.

"டேய், அஞ்சு இருக்கே, போதும்டா" என்று அந்த ஐந்தையே மாற்றி மாற்றித் தட்டி ஒரு பாட்டுப் போட்டேன். மழை விட்டபின் கூரை சொட்டுவது மாதிரி, பாதி சோகம், பாதி குறும்பு.

"ஆண்டு விழாவில இதைத்தான் வாசிக்கப் போறேன்."

"சத்தியமா அக்கா?"

"சத்தியமா."

சத்தியம் செய்வது சுலபம். பள்ளி விழாப் பட்டியலில் 'ராகத்தின் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்ததே!

பள்ளிக் கீபோர்டில் வாசித்துக் காட்டினேன். ஷூவுக்கு நாடா கட்டும்போதுகூடக் கண்ணை மூடுகிற இசை சார், கண்ணை மூடியபடி ஒரு பெயர் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கியது.

"தப்பு" என்றார் வயலின் மிஸ். அவர் சொன்ன பெயர் இன்னும் நீளம்.

"இருபத்தெட்டு வருஷமா பாடம் நடத்துறேன் மிஸ்!"

"அதைத்தான் சார் நானும் சொல்றேன். இருபத்தெட்டு வருஷமா அதே தப்பு."

தடித்தடியாகப் புத்தகங்கள் வந்தன. தூசி பறந்தது. இருவரும் இருமினார்கள். இருமலில் மட்டும் ஒரே சுருதி.

"நாலு மணிக்குள்ள பேர் முடிவாகலேன்னா உனக்கு இடமில்லை" என்றார் சார். கதவோரம் நின்ற தம்பியின் உதடு பிதுங்கியது.

இருவர் விரலையும் பார்த்தேன். அதே ஐந்து கட்டை. ஆனால் சார் இடது ஓரத்திலிருந்து எண்ணினார். மிஸ், பாட்டு வந்து முடிகிற கட்டையிலிருந்து எண்ணினார்.

"சார், உங்க முதல் கட்டையை 'ம்ம்ம்'னு இழுங்களேன்."

சார் வண்டாக ரீங்கரித்தார். நான் வாசித்தேன்.

"பார்த்தீங்களா? நான் சொன்னதேதான்!"

"இப்ப மிஸ், உங்க கட்டையை."

மிஸ் ரீங்கரித்தார். அதே பாட்டுத்தான். ஆனால் முகமே மாறிவிட்டது. சார் கண்ணைத் திறந்துவிட்டார்.

"இது என்ன, வேற பாட்டு மாதிரி இருக்கு?"

"முன்வாசல் வழியா வந்தா முதல்ல கூடம். பின்வாசல் வழியா வந்தா முதல்ல சமையலறை. வீடு ஒண்ணுதானே சார்?" என்றேன்.

"அப்ப நான் சொன்னது சரி" என்றார் சார்.

"நான் சொன்னதும்" என்றார் மிஸ்.

இரண்டு பெயரையும் எழுதினார்கள். அது பக்கத்து நடனக்காரியின் கட்டம்வரை வழிந்தது.

விழாவில் தலைமை ஆசிரியர் அந்தப் பெயர்களைப் படித்து முடிக்க நடுவில் தண்ணீர் குடித்தார். என் பாட்டோ ஒன்றரை நிமிடம்.

அந்த இரண்டு பெயரில் ஒன்றுகூட இன்று எனக்கு நினைவில்லை. கைதட்டல் ஓய்ந்ததும் மூன்றாவது வரிசையில் தம்பி பக்கத்து நாற்காலிக்காரரிடம் உரக்கச் சொன்னது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது:

"அந்த அஞ்சு கட்டையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே நான்தான், மாமா!"