அண்ணி போட்ட முடிச்சு

மாமியார் அன்றைக்கும் டீயைத் தொடவில்லை. மூத்த மருமகள் டம்ளரை வைத்துவிட்டு நகர்ந்ததும், அதை ஒரு விரலால் தள்ளி மேசை ஓரத்துக்கு அனுப்பினாள். இருபத்திரண்டு நாளாக இதே கதைதான். இளையவள் எழுந்து வந்து வேறு டீ போட்டால் குடிப்பாள். புருஷனைப் பறிகொடுத்த இளையவளுக்குச் சர்க்கரை போட்டோமா இல்லையா என்பதே நினைவிருக்காது. சர்க்கரை இல்லாத டீயை முகம் சுளிக்காமல் குடிக்க மனதில் எவ்வளவு கோபம் வேண்டும், பாருங்கள்.

"பதினோரு மணிக்கு விசாரணை" என்றான் கணவன், சுவரைப் பார்த்து. அவன் மனைவியின் முகத்தைப் பார்த்தும் இருபத்திரண்டு நாளாகிறது. "நீ சொன்னதை எழுதி வச்சிருக்காங்க. கையெழுத்துப் போட்டா வேலை போகும். கேஸும் வருமாம். உள்ளகூட வைப்பாங்கன்னு..."

"போடறேங்க."

"பதினோரு வருஷமா ஒரு நாள்கூட மறந்ததில்லையே... அன்னிக்கு மட்டும் எப்படி மறந்தே?"

அவள் அடுப்பைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த அடுப்புதான்.

அவர்கள் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்புக்கு வருவதெல்லாம் சூப்பர் கார்கள். கணவன் அங்கே தலைமை மெக்கானிக். அவன் தம்பி, பழுது பார்த்த வண்டியை ஓட்டிப் பார்ப்பவன். கார்ச் சாவிகள் மாட்டியிருக்கும் சாவிப் பலகை மூத்தவள் பொறுப்பு. புது டயர் மாட்டிய கார் முதல் நூறு கிலோமீட்டர் அடங்கி ஓட வேண்டும். புது ரப்பரின் மேலே வழவழப்பு இருக்கும், ரோட்டைச் சரியாகப் பிடிக்காது. ஓட்டுபவனுக்கு அது மறக்கக்கூடாது என்பதற்காக, ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிய பிறகே சாவியைக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே முறை. துணி, இவள் வீட்டுப் பழைய ஜன்னல் திரையைக் கிழித்தது. முடிச்சும் இவளுடையதுதான். இடது கைக்காரி போடுகிற முடிச்சு. எதிர்ப் பக்கமாகத் திரும்பியிருக்கும், லேசில் அவிழாது. மதியச் சாப்பாட்டுப் பையைத் திறக்க முடியாமல், "அண்ணி, இது சாப்பாடா, பேங்க் லாக்கரா?" என்று கொழுந்தன் தினமும் வம்புக்கு இழுப்பான்.

அவள் கல்யாணமாகி வந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. தலை வாரிவிட்டதிலிருந்து லைசென்ஸுக்கு போட்டோ எடுக்கக் கூட்டிப்போனது வரை எல்லாம் அவள்தான்.

அந்தக் கொழுந்தன்தான் பைபாஸ் ரோட்டில் புது டயர் வழுக்கி, எதிரே வந்த பால் வேனில் மோதினான். அவனும் போய்விட்டான், வேன் டிரைவரும் போய்விட்டார். வேகம் இருநூற்றெண்பதைத் தாண்டியிருந்ததாம். நொறுங்கிய ஸ்டீயரிங்கில் சிவப்புத் துணி இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கணவன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். "துணி கட்டினியா, இல்லையா?" மயங்கிக் கிடந்த இளையவளின் தலை அப்போது இவள் மடியில் இருந்தது.

"மறந்துட்டேன்" என்றாள்.

அவள் மறக்கவில்லை. கட்டினாள், இறுக்கித்தான் கட்டினாள். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு வீட்டில் யாரும் அவளிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

"விசாரணைக்கு அவனோட லைசென்ஸையும் கொண்டு வரச் சொன்னாங்க" என்றான் கணவன். "ஆஸ்பத்திரியில கொடுத்த பையில இருக்கும்."

அந்தப் பை அலமாரிக்கு மேல் கட்டிய கட்டோடு கிடந்தது. திறக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. மூத்தவள் அதை அண்ணாந்து பார்த்தாள். காரில் இல்லாத துணி வேறெங்கே போயிருக்கும்?

"நான் எடுத்துத் தரேன்" என்று முந்திக்கொண்டு ஓடினாள்.

"நீ தொடாதே." மாமியார் எழுந்து நின்றாள். "என் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்த கை அது. அவன் சட்டையிலகூட அது படக்கூடாது. சின்னவளே, நீ எடும்மா."

இளையவள் பையைத் தரையில் கவிழ்த்தாள். பர்ஸ், நின்றுபோன கைக்கடிகாரம், கிழிந்த பேன்ட். லைசென்ஸைத் தேடி பேன்ட் பாக்கெட்டில் கை விட்டவளின் விரலோடு ஒரு சிவப்புத் துணி வந்தது.

கணவன் குனிந்து அதை எடுத்தான். முடிச்சு அப்படியே இருந்தது, எதிர்ப் பக்கமாகத் திரும்பி, இறுக்கமாக. துணிதான் வேறொரு இடத்தில் பிளேடால் அறுபட்டிருந்தது.

"இது உன் முடிச்சு." இருபத்திரண்டு நாளுக்குப் பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தான். "நீ கட்டியிருக்கே. அவன் அவிழ்க்க முடியாம அறுத்திருக்கான். ஏன்டி பொய் சொன்னே?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"என் பிள்ளை எதுக்கு அறுக்கணும்?" என்றாள் மாமியார். "அவனுக்கு என்ன பைத்தியமா?"

"தெரியலை அத்தை. விடுங்க. நேரமாச்சு, கிளம்பலாம்."

இளையவள் மட்டும் துணியைப் பார்க்கவில்லை. மூத்தவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா... அன்னிக்கு நான் போன் பண்ணினப்போ அவர் எங்க இருந்தார்?"

இளையவள் எழுந்து கிட்டே வந்தாள்.

"உங்க சாவிப் பலகைகிட்ட இருந்தாரா? போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சா அக்கா?"

மூத்தவள் திரும்பி, எரியாத அடுப்பை அணைக்கப் போனாள். அது போதுமாக இருந்தது.

இளையவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் அத்தை. நான்தான் சொன்னேன். என் ஃபிரெண்டு புருஷன் புதுக் கார் வாங்கி வீடியோ போட்டிருந்தான். எனக்கு வயிறெரிஞ்சுது. 'நீங்க அடுத்தவன் காரைத் துடைக்கத்தான் லாயக்கு. முன்னூறுல போய் மீட்டரை வீடியோ எடுத்து அனுப்புங்க, அப்புறம் ஆம்பளைன்னு ஒத்துக்கறேன்'னு சொன்னேன். துணி கட்டினா வீடியோவுல தெரியுமே... அதான் அறுத்திருக்கார். எல்லாம் தெரிஞ்சும் நீங்க எப்படிக்கா வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க? நான் உங்களை எவ்வளவு பேசினேன்... இந்த வீட்டை விட்டுப் போங்கன்னுகூடச் சொன்னேனே..."

மாமியார் பாய்ந்து வந்து கையை ஓங்கினாள். அந்தக் கைக்கும் இளையவளுக்கும் நடுவில் மூத்தவள் வந்து நின்றாள்.

"அத்தை, இதுக்குத்தான் சொல்லலை. ஒருத்தனைக் கொடுத்தது போதும், இவளையும் கொடுக்க முடியாது. புருஷன் பெண்டாட்டி விளையாட்டாப் பேசினது அது. காலை வச்சு அழுத்தினது அவன். அப்புறம்... நான் மட்டும் சுத்தமா? இவ சொன்னதைக் காதால கேட்டுக்கிட்டுத்தானே சாவியைக் கொடுத்தேன். துணி கட்டியாச்சே, அண்ணி கட்டினதை மீறமாட்டான்னு நம்பிட்டேன். அந்தச் சாவியை அன்னிக்குக் கொடுக்காம இருந்திருந்தா..."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. செத்தவனுக்காக அவள் அந்த வீட்டில் வாய்விட்டு அழுதது அதுதான் முதல் தடவை. பழி சுமப்பவள் அழுதால் நடிப்பு என்பார்களே, அதனால் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தாள். இளையவள் அவள் காலைக் கட்டிக்கொண்டாள். கணவன் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, "புது டயர் வண்டியை அவன்கிட்ட விட்டது நான்" என்று முணுமுணுத்தான். அதையும் இத்தனை நாள் யாரும் கேட்டிருக்கவில்லை.

மாமியாரின் கை மெல்ல இறங்கியது. மேசை ஓரத்தில் ஆறிப்போயிருந்த டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். பிறகு செருப்பைத் தேடினாள்.

"நானும் வரேன்" என்றாள்.

விசாரணை அலுவலகத்தின் நடைபாதையில் நீளமான பெஞ்சு ஒன்று கிடந்தது. அதன் ஒரு முனையில் தனியாக ஒரு பெண், மடியில் காகிதக் கட்டோடு. வேன் டிரைவரின் மனைவி. இவர்களைக் கண்டதும் எழுந்து வந்தாள். நேரே மூத்தவள் எதிரில் நின்றாள்.

"துணி கட்ட மறந்தது நீங்கதானா?" சத்தம் போடாமல்தான் கேட்டாள். "திட்ட வரலைங்க. யாரால போனார்னு தெரிஞ்சா போதும். வீட்டுல பொண்ணு தினம் கேக்கறா."

மூத்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் வீட்டைக் காப்பாற்றச் சொன்ன பொய்யை, இந்தப் பெண் உண்மை என்று மகளிடம் கொண்டுபோகப் பார்க்கிறாள். உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். செத்தவனைப் பெற்றவள் பக்கத்தில் நிற்கும்போது நாக்கு எழவில்லை. இளையவள் "நான்..." என்று ஓரடி முன்னால் வந்தாள்.

மாமியார் இரண்டு மருமகள்களையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். மகனின் கையிலிருந்த சிவப்புத் துணியை வாங்கி, அந்தப் பெண்ணின் கையில் வைத்தாள்.

"இவ மறக்கலைம்மா" என்றாள். "இவ கட்டித்தான் கொடுத்தா. முடிச்சைப் பாருங்க, இன்னும் அவிழலை. என் பிள்ளைதான் அறுத்துட்டான்."

சொல்லிவிட்டு, பின்னால் கையை நீட்டி மூத்தவளின் இடது கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து கூப்பிடும் வரைக்கும் விடவில்லை.