வவ்வால்கள் போன வழி

2018 ஜூன் 3, தேனி மாவட்டம். கம்பத்துக்கு மேற்கே மலைச்சரிவிலுள்ள வவ்வால் குகைக்குப் புதையல் தேடிப் போன வீரணன் மூன்றாம் நாளும் திரும்பவில்லை.

அன்று காலை இருவர் அவனைத் தேடிக் கிளம்பினார்கள். ஒருத்தி அவன் தங்கை பவுன்தாய். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். மற்றவன் அவன் கூட்டாளி ராசாங்கம். திராட்சைத் தோட்டக் காவல்காரன். பழம் தின்ன வரும் வவ்வால்களை வெடி போட்டு விரட்டுவதால் சட்டைப்பையில் எப்போதும் வெடி இருக்கும்.

“புதையல்னு கெளப்பிவிட்டதே நீதானண்ணே,” என்றாள் பவுன்தாய், குகை வாசலில்.

“வெளையாட்டுக்குச் சொன்னேன் தாயி. கடப்பாரையத் தூக்கிட்டுக் கெளம்புவான்னு கண்டனா?”

உள்ளே எச்சத்தின் நெடி கண்ணை எரித்தது. டார்ச் வெளிச்சம் மேலே பட்டதும் கூரையே அசைந்தது. நாய் முகமும் பெரிய கண்களுமாக வவ்வால்கள் ஆயிரக்கணக்கில் தொங்கின. ஒன்று ராசாங்கத்தின் கன்னத்தை உரசிப் பறந்தது. தோட்டத்துப் பழக்கம், யோசிக்குமுன் கை வெடியைக் கொளுத்தி வீசிவிட்டது.

ஓசை அடங்குமுன் பின்னால் பாறை சரிந்தது. தூசிக்குள் தடவிப் பார்த்தார்கள். வாசல் இருந்த இடத்தில் விரல் நுழையவும் இடமில்லை.

“கொன்னுட்டியேண்ணே.”

ராசாங்கம் பாறையைப் பெயர்க்கப் பார்த்தான்; அசையவில்லை. பவுன்தாய்தான் மேலே பார்த்தாள். கூரை காலி.

“வாசல் மூடிருச்சு. அம்புட்டு வவ்வாலும் எங்க போச்சு?”

உள்ளிருந்து, நாக்கைச் சொடுக்குவது போல் ‘டிக் டிக்’ ஒலி கேட்டது. இருட்டில் வழியறிய அவை எழுப்பும் ஒலி. அதைத் தொடர்ந்து தவழ்ந்தார்கள். ஒரு திருப்பத்தில் வெளிச்சம். கிணறு போல மேலே திறந்த பிளவு; அதன் விளிம்பில் நின்ற ஆலமரத்தின் விழுதுகள் தரைவரை தொங்கின. அடியில் வீங்கிய காலோடு நகர முடியாமல் வீரணன்.

“புதையல் இல்லடா பங்காளி,” என்றான். “சாப்பாட்டுக்குக் கொறையில்ல. தண்ணி பாறையில சொட்டுது. ராத்திரி இதுக தின்னு போடுற ஆலம்பழத்தப் பகல்ல நான் தின்னுக்கிறேன்.”

பவுன்தாய் அவன் கையிலிருந்த பழத்தைத் தட்டிவிட்டாள். அதில் பல் பதிந்திருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் வவ்வால் பரப்பும் நிபா காய்ச்சல் உயிர்களைப் பறித்துக்கொண்டிருந்தது. வவ்வால் கடித்த பழத்தைத் தொடாதீர்கள் என்று வாரமெல்லாம் ஊருக்குச் சொன்னவள் அவள்.

“எத்தன தின்ன?”

“எண்ணியாடி திம்பாங்க?”

அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது.

ராசாங்கம் விழுதைப் பிடித்து ஏறிப்போய் ஆட்களையும் கயிற்றையும் கொண்டுவந்தான். அந்த மரமும் என்றோ ஒரு வவ்வால் போட்ட விதையாக இருக்கும். சாயங்காலத்துக்குள் அண்ணனும் தங்கையும் மேலே வந்தார்கள்.

மூன்று வாரம் மூவரையும் மருத்துவமனையில் தனியே வைத்திருந்தார்கள். யாருக்கும் காய்ச்சல் வரவில்லை.